இடது கைக்கு வாசல் வைத்த போர்வை

"ஷைனி, என்னைக் கழட்டிவிடு."

மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அதே குரலில்தான் அத்தை இதைச் சொல்வாள். கோபம் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. டயாலிசிஸ் அறையில் வரிசையாகப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. இடது கை தலையணைமேல் கிடக்கும். அதிலிருந்து இரண்டு சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போகும்.

"இன்னும் ஒண்ணரை மணிக்கூர் கெடக்கு, அம்மா," என்பாள் ஷைனி. மார்த்தாண்டத்துப் பெண். இயந்திரங்களைக் கவனிக்கும் டெக்னீஷியன்.

"எனக்குக் குளிர்றது."

"எல்லாருக்கும் குளிரத்தான் செய்யும். ரத்தம் வெளிய போய்ட்டுல்லா திரும்பி வருது."

"அப்போ எல்லாரையும் கழட்டு."

ஷைனி என்னைப் பார்ப்பாள். நான் இயந்திரத்தைப் பார்ப்பேன். கடைசியில் அத்தை, தன் விருப்பப்படி பாதியில் நிறுத்தியதாக ஒரு தாளில் கையெழுத்துப் போடுவாள். அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கையெழுத்து அழகாக இருக்கும்.

இந்தத் தொடரில் அத்தை ஏற்கெனவே தலைகாட்டியிருக்கிறாள், தன் பெயரைப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த வாரமும் அதே நிபந்தனை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரமனையில் அக்ரகாரத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மதியங்களில் ஆஸ்பத்திரி. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில். இந்த ஊரில் அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் நான். கழக்கூட்டத்தில் வேலை, அங்கேயே வாடகை வீடு. சனிக்கிழமைகளில் துணைக்குப் போவேன்.

நான்கு மணி நேரம் ஓட வேண்டியதை இரண்டரையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். வெளியேறாத நீர் முதலில் காலில் தங்கும். அப்புறம் நுரையீரலுக்குப் போகும். அப்புறம் அவர் சொல்லவில்லை.

"டாக்டருக்கு நன்னாப் பேச வரது," என்றாள் அத்தை, வெளியே வந்து.

தேவைகள்

மற்றவர்கள் எழுதிய மென்பொருள் எங்கே உடையும் என்று பார்ப்பது என் வேலை. குறை என்ன என்று முதலில் ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதினேன்: 'அத்தைக்குக் குளிர்கிறது.'

ஆஸ்பத்திரிப் போர்வையை அவள் தொடமாட்டாள். யார் யாரோ போர்த்தியது. அப்பா பெங்களூரிலிருந்து பூப்போட்ட தடிப் போர்வை ஒன்றை அனுப்பியிருந்தார். அதை ஒரே ஒரு நாள் கொண்டுபோனாள். "கரடியோட படுத்துண்டா மாதிரி இருக்கு," என்றாள். தவிர, அது இடது கையையும் சேர்த்து மூடியது. ஊசி குத்தியிருக்கும் இடம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊசி நழுவினால் ரத்தம் போர்வைக்குள்ளேயே ஓடும், யாருக்கும் தெரியாது. ஆகவே ஷைனி வரும்போதெல்லாம் போர்வையை விலக்கினாள். அவள் போனதும் அத்தை இழுத்து மூடினாள்.

எனவே வேண்டியது: கழுத்திலிருந்து பாதம் வரை மூட வேண்டும். இடது கை மட்டும் வெளியே வர வேண்டும். கரடி மாதிரி இருக்கக்கூடாது.

இப்படி ஒரு பொருளை யாரும் விற்பதில்லை. நானே பின்னுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் வீடியோ பார்த்துக் குரோஷே கற்றிருந்தேன். ஒரே ஊசி, அதன் முனையில் சின்னக் கொக்கி. நூலைக் கொக்கியால் இழுத்துக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதுவரை நான் செய்து முடித்தவை: தம்ளர் வைக்கும் வட்டங்கள், ஒரு போன் பை, அலுவலகத்தில் இருக்கும் கள்ளிச் செடிக்கு ஒரு தொப்பி.

என்னோடு வீட்டில் தங்கியிருக்கும் நீது கோட்டயத்துக்காரி. நூல் மூட்டையைப் பார்த்ததும் மின்விசிறியைக் காட்டினாள். அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எடீ, ஈ சூடிலோ?"

"ஏசி ரூமுக்கு."

"ஏசி குறைச்சா மதியல்லோ!" குறைத்தால் போதுமே என்கிறாள்.

இயந்திரங்கள் சூடாகாமல் இருக்க அந்த அறை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விளக்கினேன். நீது தலையாட்டிவிட்டு, எனக்குக் கல்யாணம் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றாள். எப்படி அந்த முடிவுக்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

எத்தனை தடவை வேண்டுமானாலும்

சாலைக் கடைத்தெருவில் நூல் வாங்கினேன். அக்ரிலிக். ஆட்டு ரோமம் இல்லை, நைலானுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. யோசித்துத்தான் எடுத்தேன். சாயம் போகாது, பூச்சி அரிக்காது, உடம்பில் குத்தாது, வாஷிங் மெஷினில் போட்டுத் துவைக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பொருள், துவைக்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்? நிறம் மட்டும் அத்தை சொன்னது, மாவிலைப் பச்சை.

கைக்கு வாசல் வைப்பதில்தான் யோசனை தேவைப்பட்டது. இடது தோளருகே வந்ததும் வரிசையை இரண்டாகப் பிரித்து, இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பின்னிக்கொண்டு போய், முழங்கைக்குக் கீழே மறுபடி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கம்பெனி மீட்டிங்குகளில் கேமராவை அணைத்துவிட்டுப் பின்னினேன். கிழக்கேகோட்டை பஸ்ஸில், நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது பின்னினேன். "குஞ்ஞினா?" என்று கண்டக்டர் விசாரித்தார். குழந்தைக்கா என்று கேட்கிறார். அத்தைக்கு என்றேன். போர்வையின் நீளத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைத் தந்தார்.

முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தை அதைக் கட்டிலில் விரித்தாள். வாசலுக்குள் கையை விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள்.

"வாசல் நன்னா இருக்கு. இது என்ன நூல்?"

"அக்ரிலிக் அத்தை. துவைக்கலாம்."

"துவைக்கலாமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும்."

"ஓ," என்றாள் அத்தை.

அந்த 'ஓ'வைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சரிசெய்த பின் பெருகிய குறை

சனிக்கிழமை அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்துவரை பச்சை, ஓரத்தில் ஒரு கை. ஷைனி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கொள்ளாம்! இது நல்ல புத்தியாக்கும். இனி நான் வெலக்காண்டாம்."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஷைனி, கழட்டிவிடு."

"குளிருதா?"

"இல்லை."

"பின்ன?"

"போறும்."

கவனியுங்கள், முன்பு இரண்டரை மணி நேரம் இருந்தவள் இப்போது அதற்கும் முன்னால் எழுந்துவிட்டாள். அடுத்த முறையும் அப்படியே. என் தொழிலில் இதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. குறையை நான் தவறாக எழுதியிருக்கிறேன், சரிசெய்கிறேன் என்று அதைப் பெரிதாக்கியும் இருக்கிறேன்.

கேட்டுப் பார்த்தேன். கால் மரத்துப்போகிறது என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் போனில் சீரியல் பார்க்கிறார் என்றாள். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் காரணம் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை

ஒரு செவ்வாயன்று அலுவலகத்தில் நெட்வொர்க் விழுந்துவிட்டது. சாயங்காலத்துக்கு முன் வராது என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். நான் கரமனைக்கு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமைகளில் அத்தையை வாசல்வரை கொண்டுவிடுவேன். "இருட்டறதுக்குள்ள பஸ்ஸைப் பிடி," என்று அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவாள். அக்கறை என்று நினைத்திருந்தேன்.

கதவு தாழிடவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

அத்தை பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையோடு குளித்திருந்தாள். இடது கையில் ரொட்டிக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். வலது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களாலும் பக்கெட்டுக்குள் எதையோ மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டுக்கு வெளியே ஒரு பச்சை ஓரம் தொங்கியது. அவள் முகம் சுவர் நிறத்தில் இருந்தது.

"அத்தை!"

"வந்தியா? காபிக்குப் பால் இல்லை."

போர்வையை நான் பிழிந்தேன். ஈரத்தில் அது ஒரு ஆள் கனம் கனத்தது. கொடியில் போட்டுவிட்டு வந்தபோது அவள் விளக்கேற்றி முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"தினமும் இப்படியா?"

"தினமும் ஏன்? ஆஸ்பத்திரி போற அன்னிக்கு மட்டும்."

"எதுக்கு?"

தெரிந்ததை எதற்குக் கேட்கிறாய் என்பதுபோல் பார்த்தாள். எனக்கும் தெரியும்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் தீட்டு. தலைக்குக் குளிக்க வேண்டும், கூடப் போன துணியெல்லாம் நனைய வேண்டும், அதெல்லாம் முடிந்த பிறகுதான் விளக்கு. அந்தி கூடுவதற்குள். நான்கு மணி நேரமும் இருந்துவிட்டு வந்தால் வீடு சேரவே அந்தியாகிவிடும். கையில் தெம்பும் இருக்காது. அதனால் அவள் நேரத்தையும் தெம்பையும் இயந்திரத்திடமிருந்து மிச்சம் பிடித்துக் குளியலறைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். குளிர் என்பது டாக்டருக்காகச் சொன்ன காரணம். முன்பு ஒரு புடவையும் துண்டும்தான் துவைக்க இருந்தன. இப்போது, என் அன்பளிப்பாக, ஒரு போர்வையும்.

"உடம்பு சரியில்லாதவா குளிக்க வேண்டாம்னு இருக்கே அத்தை. நீங்கோதான் சொல்லியிருக்கேள்."

"ஆமாம். உடம்பு சரியில்லாதவா குளிக்க வேண்டாம்." அவள் தலைமுடியை உதறினாள். "நான் குளிக்கணும்."

விதியைப் படிப்பது

இந்த மடி, தீட்டு விஷயங்களில் எனக்கும் அத்தைக்கும் பழைய சண்டை உண்டு. இந்த விதிகள் தெருவுக்கு வெளியே யாரையெல்லாம் நிறுத்தின என்று ஒரு பொங்கலன்று நான் கேட்டு, இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்தோம். அந்தச் சண்டை முடியவில்லை. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் அதைத் தொடர முடியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தை விதியை வணங்குகிறவள் இல்லை, படிக்கிறவள். அலுவலகத்தில் அவளுடைய பெயரே அதில்தான் இருந்தது. பிரசவ விடுப்பு தீர்ந்துபோன சக ஊழியர் ஒருத்திக்கு, யாரும் திறக்காத ஒரு துணை விதியைக் கண்டுபிடித்து இன்னும் சில வாரம் வாங்கிக் கொடுத்தாள் என்று இன்றும் சொல்வார்கள். மேலதிகாரி எரிச்சலோடு கையெழுத்துப் போட்டாராம்.

எனக்கே அது நடந்திருக்கிறது. சிறுமியாக விடுமுறைக்கு இங்கே வந்தபோது, அத்தை மடியாக இருக்கும் நேரத்தில் தொடக்கூடாது என்றார்கள். நான் அழுதேன். அத்தை யோசித்துவிட்டு, என் பருத்தி கவுனைக் கழற்றிப் பட்டுப் பாவாடையைக் கட்டச் சொன்னாள். அப்புறம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பட்டுக்குத் தீட்டு ஒட்டாது. பட்டுக்கும்...

"கம்பளிக்கும்," என்றேன் சத்தமாக.

அத்தை பால் விடாத கட்டங்காப்பியை எனக்கு ஒரு தம்ளரும் தனக்கு ஒரு வாயுமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீரும் காபியும் அவளுக்கு அளவுதான்.

"ஆமாம். அசல் ரோமமா இருந்தா துவைக்கவே வேண்டாம். நீ பிளாஸ்டிக்ல பண்ணியிருக்கே."

"முதல் நாளே தெரியுமா?"

"நீதானே சொன்னே, என்னமோ லிக்குன்னு."

"ஏன் சொல்லலை?"

"பஸ்ஸுல எல்லாம் உக்காந்து பண்ணியிருக்கே. துவைச்சாப் போறது."

நான் காபியைக் குடித்தேன். துவைக்கலாம் என்பதற்காகத் தேடி வாங்கிய நூல். இந்தத் தெருவில் பிறந்த அப்பாவின் மகள் செய்யும் தப்பா இது?

அப்புறம் பேச்சுவார்த்தை தொடங்கியது. சீக்காளிக்குரிய விலக்கை அவள் ஏற்கமாட்டாள் என்பது தெளிவு. ஆனால் கம்பளிக்குரிய விலக்கு கம்பளியைப் பற்றியது, அவள் உடம்பைப் பற்றியது இல்லை. அது அவளுக்குச் சம்மதம்.

"மேலே மட்டும் கம்பளி இருந்தாப் போறாது," என்றாள். "நாற்காலி கீழேன்னா இருக்கு?"

"கீழேயும் வைக்கறேன். பை மாதிரி. உள்ளே போய்ப் படுத்துண்டா நாற்காலியே உங்க மேல படாது."

"தலைகாணி?"

"பழைய பட்டு வேஷ்டி ஏதாவது போட்டுக்கலாம்."

"கை வெளியில இருக்கே. ஷைனி தொடறாளே."

"கிளவுஸ் போட்டுண்டுதானே தொடறா?"

அத்தை சற்று நேரம் யோசித்தாள். அலுவலகத்தில் கோப்பைப் பார்த்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"கையை மட்டும் அலம்பிக்கலாம்," என்று தீர்ப்புச் சொன்னாள். "புடவை பட்டா இருந்தா அதையும் நனைக்க வேண்டாம். முகம், கை, கால் அலம்பிண்டு விளக்கேத்தலாம். தலைக்கு மறுநாள் காலம்பற."

"அப்போ நாலு மணி நேரமும் இருப்பேளா?"

"மொதல்ல நீ பண்ணு."

ஆட்டு நாற்றம்

அசல் ரோம நூல் மலைப்பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து தபாலில் வந்தது. சாயம் போடாத சாம்பல் பழுப்பு. முரடு. சோப்பில் அலசிய பிறகும் ஆட்டு வாசனை போகவில்லை. நீது தன் அறைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டாள்.

இரண்டு மடங்கு பின்ன வேண்டியிருந்தது. மழை தொடங்கியது. அத்தை பழையபடி பாதியில் எழுந்துகொண்டிருந்தாள். பச்சைப் போர்வையைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்லிவிட்டதால் இப்போது அவளுக்கு நிஜமாகவே குளிர்ந்தது.

பாதிக்கு மேல் பின்னியிருந்தபோது ஒரு ஞாயிறு காலை அவளிடமிருந்து போன். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "படுத்தா... மூச்சு வரலை... உக்காந்துண்டே இருக்கேன். நீ அவசரமா வரவேண்டாம்." ஆட்டோவில் போனேன். டாக்டர் சொன்னபடியே நீர் நுரையீரலுக்குப் போயிருந்தது. அன்றே சேர்த்தார்கள், அன்றே வார்டிலிருந்த வேறோர் இயந்திரத்தில் போட்டார்கள். ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அத்தை கண்ணை மூடியிருந்தாள். அன்று அவள் கழட்டச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

இரண்டு நாள் அவள் கட்டிலருகே உட்கார்ந்து பின்னினேன். சில வரிசைகள் இறுகிவிட்டன. அவற்றைப் பிரிக்கவில்லை. இரண்டாம் நாள் அத்தை கண்ணைத் திறந்து, போர்வையின் அகலத்தைச் சாணால் அளந்தாள்.

"காணாது. இன்னும் ரெண்டு விரக்கடை."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்காவது மணி

அடுத்த சனிக்கிழமை, சாயம் மங்கிய அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு அத்தை டயாலிசிஸுக்கு வந்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன அம்மா, கல்யாண வீடா?" என்றாள் ஷைனி.

பையை நாற்காலியில் விரித்தேன். அத்தை உள்ளே நுழைந்து படுத்தாள். இடது கையை வாசல் வழியாக வெளியே நீட்டினாள். ஷைனி குனிந்து முகர்ந்தாள்.

"ஆட்டு மணம்!"

"அசல்," என்றாள் அத்தை.

எதற்காக இந்த ஏற்பாடு என்று ஷைனிக்குச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஊசியைச் சரிபார்த்தாள். "அப்பம் எனக்கும் ஒண்ணு பின்னித் தாங்க. டாக்டரு ஏசினாலும் ஒட்டாம கெடக்கும்."

இரண்டு மணி நேரம் ஆனபோது அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். நான் போனைப் பார்ப்பதுபோல் இருந்தேன். "குத்தறது," என்றாள். கழுத்தருகே துண்டை மடித்து வைத்தேன். சற்றுப் பொறுத்து, "மணி என்ன?" என்றாள். கடிகாரம் எதிரில்தான் இருந்தது. சொன்னேன். பக்கத்து நாற்காலிக்காரர் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தலையை லேசாக அந்தப் பக்கம் சாய்த்தாள். "அந்த மாமியார் சரியில்லை," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

ஜன்னலில் வெயில் இறங்கியது. அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். கொட்டாவி.

பிறகு அவள் தலைமாட்டில் இயந்திரம் சின்னதாக ஒரு மெட்டு வாசித்தது. அத்தை திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது என்ன சத்தம்? ஏதாவது கெட்டுப்போச்சா?"

"முடிஞ்சாச்சுன்னு சொல்லுது, அம்மா," என்றாள் ஷைனி. "இங்க எல்லாருக்கும் இது பழகின சத்தமாக்கும். நீங்கதான் இதுவரை இருந்து கேட்டதில்ல."

எதிர் வரிசையில் ஒரு இயந்திரம் அதே மெட்டை வாசித்தது. அப்புறம் சீரியல்காரருடையது. ஒவ்வொன்றாக அறை முழுவதும். அத்தை தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தாள். யார் யாரெல்லாம் தன்னோடு இருக்கிறார்கள் என்று அன்றுதான் பார்க்கிறவள்போல்.

ஷைனி கையுறையை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் முதலில் அவளிடம்தான் வந்தாள்.

"அவாளை மொதல்ல பாரு," என்றாள் அத்தை. "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை."